காப்புக் கட்டிக் குடியை நிறுத்துகிறவருக்கு வெயிலில் முதல் வாரம்: ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் வணக்கம்.

கோடை வந்ததும் நீங்கள் தருகிற அறிவிப்புகளில், மதுவைத் தவிர்க்கவும் என்று ஒரு வரி வருகிறது. சரியான வரிதான். குடி, உடம்பில் தண்ணீரைத் தங்கவிடாமல் சிறுநீராக இறக்கிவிடும். பீர் குளிர்ச்சி என்று நம்பி வெயிலில் குடிக்கிறவர்களுக்கு அதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் தினமும் குடிக்கிறவர் அந்த வரியைக் கேட்டு இன்றே நிறுத்தினால் நாளைக்கு அவர் உடம்பு என்ன பாடுபடும் என்று எந்த நோட்டீஸிலும் நான் பார்த்ததில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஈரோட்டுப் பக்கம் குடியை நிறுத்த ஆட்கள் மனசு வைப்பதே பங்குனி, சித்திரையில்தான். மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுவிட்டால் காப்புக் கட்டியவர் சரக்கைத் தொடமாட்டார். சிலர் சாமி முன்னால் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். நானும் அப்படி நிறுத்தியவன்தான். அந்த வைராக்கியத்தை மதிக்கிறேன். ஆனால் மறுநாள் காலையிலேயே அந்த ஆள் கட்டட வேலைக்கு வந்து சாரத்தின் மேல் ஏறி நிற்கிறாரே, அங்கேதான் பயம்.

பல வருஷம் தினமும் குடித்த உடம்பு, குடியின் மயக்கத்துக்கு ஈடுகொடுத்து நரம்புகளை எப்போதும் முடுக்கியே வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம் போய்விடும், முடுக்கம் மட்டும் நிற்கும். சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நிழலில் உட்கார்ந்திருந்தாலும் வேர்த்துக் கொட்டும். சாப்பாடு இறங்காது, வாந்தி வரும், ராத்திரி தூக்கம் இருக்காது. முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாள் கழித்து இன்னும் சிலருக்கு ஜுரம் அடித்து, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவார்கள். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. இத்தனையும் கத்திரி வெயிலில் நடந்தால் உடம்பில் தண்ணீரும் உப்பும் எவ்வளவு மிஞ்சும்?

எங்கள் சைட்டில் பூச்சு வேலை செய்த ஒருவர் கயிறு கட்டிய மறுநாள் வேலைக்கு வந்தார். கரண்டியில் அள்ளிய கலவை சுவருக்குப் போவதற்குள் பாதி சிந்தியது. எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தோம்; டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டார். கூட இருந்தவர்கள், "உடம்பு கேக்குதுங்ணா, ஒரு கட்டிங் போட்டா நின்னுடும்" என்றார்கள். போட்டதும் நின்றது. குடியை விட்டதால்தான் வெயில் தாங்கவில்லை என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். அந்தத் தவிப்பு பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும் என்றோ, அதன் பிறகு வெயிலைத் தாங்க உடம்புக்கு வலு கூடும் என்றோ அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

இது ஓரிருவர் சங்கதி இல்லை. 2020 மார்ச் கடைசியில் டாஸ்மாக் கடைகளை மூடியபோது, கோடை நெருங்குகிற நேரத்தில் மாநிலம் முழுக்கக் குடிநோயாளிகள் ஒரே நாளில் நிறுத்த வேண்டிவந்தது. அப்போதே இந்தப் பாடத்தை எழுதி வைத்திருக்க வேண்டும்.

2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த அரசு இது. ஆகவே உரிமையோடு கேட்கிறேன். உங்கள் கோடை நோட்டீஸில் அந்த ஒரு வரிக்குக் கீழே இன்னும் சில வரிகள் சேருங்கள். தினமும் குடிக்கிறவர் நிறுத்துவதற்கு முன் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். நடுக்கத்துக்கு மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் அங்கே தருவார்கள். முதல் வாரம் வெயில் வேலை கூடாது. வலிப்போ பிதற்றலோ வந்தால் உடனே 108. வெயிலில் ஒருவர் உளறிக்கொண்டு விழுந்து கிடந்தால், குடிகாரன் என்று தாண்டிப் போகாமல் தொட்டுப் பாருங்கள். உடம்பு கொதித்தால் நிழலுக்குத் தூக்கி வந்து தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்.

வேலைக்குப் போகாவிட்டால் அந்த வாரம் அடுப்பு எரியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தோடு பேசி, சிகிச்சையில் இருக்கும் அந்த ஏழு நாளுக்கு ஒரு உதவித்தொகை கிடைக்க வழி செய்யுங்கள். அடுத்த பங்குனியில் கம்பம் நடுவதற்கு முன்பே இந்த நோட்டீஸ் கோயில் வாசலிலும் சைட்டுகளிலும் ஒட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஈரோட்டுக் கட்டட மேஸ்திரி ஒருவர்