கடலூர்க் கோட்டையை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இதழில் வந்த கடற்கரைக் கோட்டைகள் கட்டுரையைப் படித்தேன். ஜார்ஜ் கோட்டை, தரங்கம்பாடி, சதுரங்கப்பட்டினம் எல்லாம் வந்திருக்கின்றன, சரி. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஒரு வரிகூடவா கிடையாது? படம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்று விட்டுவிட்டீர்களோ என்னவோ, ஆனால் அது ஏன் மிச்சமில்லை என்பதுதான் சொல்ல வேண்டிய கதையே.

1690இல் செஞ்சி மராட்டியரிடமிருந்து இதை விலைக்கு வாங்கியவர் சென்னையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்த எலிஹு யேல் (அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பேர் வைத்திருக்கிறார்களே, அதே யேல்தான்). கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் என்பதற்கு வைத்த அளவைக் கேளுங்கள்: நாலா பக்கமும் பீரங்கியால் சுட வேண்டியது, குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்கு. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பேரே வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்!

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயருக்குச் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடம் கொடுத்தது இந்தக் கோட்டைதான். தலைமையிடமே இங்கே மாறியது, 1749இல் சென்னை திரும்பக் கிடைத்த பிறகும் 1752 வரை இங்கேதான் இருந்தது. மாறுவேடம் போட்டுச் சென்னையிலிருந்து தப்பி வந்த கம்பெனி எழுத்தர் ராபர்ட் கிளைவ் சேர்ந்த இடமும் இதுவே, பின்னால் 1756இல் இதே கோட்டைக்குக் கவர்னராகவும் வந்தார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே புதுச்சேரியிலிருந்து திரும்பத் திரும்பப் படை அனுப்பிப் பார்த்தும் கோட்டை விழவில்லை.

கடைசியில் 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தார், பிடித்ததோடு நிற்காமல் தகர்த்தும் போட்டார். ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்ததும் அங்கிருந்த லூயி கோட்டையை மட்டுமல்ல, ஊரையே சேர்த்து இடித்துத் தள்ளினார்கள்.

இன்று சில்வர் பீச்சுக்கு வருகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கெடிலம் கரையில் மிஞ்சியிருக்கிற சிதைந்த சுவர்களைச் சுற்றி வேலி போட்டு, கோட்டையின் வரைபடத்தையும் குண்டு கிராமங்களின் பெயர்களையும் தமிழில் எழுதி வைக்கப் பெரிய செலவு ஆகாது. தொல்லியல் துறை கவனிக்கட்டும். அதற்கு முன் உங்கள் நிருபர் ஒருவரை ஒருநாள் இந்தப் பக்கம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடலூர் வாசகர் ஒருவர்