ஷராவதியைப் பற்றி மயில்சாமிக்கு

பெங்களூரு, அல்சூர்

அன்புள்ள மயில்சாமி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்பச் சந்தோஷம். முழங்காலுக்கு டாக்டர் நடக்கச் சொன்னால் நட, சாக்குச் சொல்லாதே.

கர்நாடகத்தில் ஷராவதி ஆற்றில் வரப்போகிற நீரேற்று மின்திட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். மிஞ்சுகிற கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கிக் கரண்ட் எடுப்பது. 2,000 மெகாவாட். மேலே தலகளலே, கீழே கெருசொப்பா, இரண்டு நீர்த்தேக்கங்களும் ஏற்கெனவே இருப்பவை. இடையில் சுரங்கமும் நிலத்தடி மின்நிலையமும் போதும் என்கிறார்கள். காடம்பாறை மின்நிலையத்தில் நீ பார்த்த அதே வேலைதான். அன்று ராத்திரி மிஞ்சிய கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றினீர்கள். இப்போது சோலார் வந்தபிறகு மத்தியானம் மிஞ்சுகிறது, விளக்கு வைக்கும் நேரத்தில் இழுபறி. சேமிக்காமல் நிலக்கரியைக் குறைக்க முடியாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த இடம் சிங்கவால் குரங்குகளின் சரணாலயம். மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிற பிராணி. இடையில் காடு அறுந்தால் என்ன ஆகும் என்று வால்பாறை புதுத்தோட்டத்தில் நாம் சேர்ந்து பார்த்தோமே, குட்டியைச் சுமந்துகொண்டு தார்ரோட்டில் இறங்கி நடந்ததை!

யூனிட் விலைக் கணக்கில் சிமெண்ட், இரும்பு, வட்டி எல்லாம் பைசா சுத்தமாக இருக்கிறது. காட்டுக்கு மட்டும் ஒரு தொகையைக் கட்டி, வேறெங்கோ கன்று நட்டால் முடிந்தது. இடத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதுவது என்ன நியாயம்? ஷராவதியையும், இங்கே பாவகடா சோலார் பூங்காவிலேயே பேட்டரி வைப்பதையும், காட்டின் விலையைச் சேர்த்தே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அப்புறம் எது மலிவு என்று சொல்லட்டும்.

பாவகடாவுக்கும் விலை உண்டு. 2,050 மெகாவாட்டுக்கு 13,000 ஏக்கர். நிலத்தைப் பிடுங்காமல் ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய் என்று தொடங்கிக் குத்தகைக்கு எடுத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நிலமில்லாதவர்களுக்கு? அங்கே போயிருந்தபோது கம்பிவேலி ஓரமாக ஓர் அம்மா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். முன்பு கடலைக்காய் பறிக்கக் கூலிக்குப் போனவர். காடு கழனியெல்லாம் கண்ணாடியாகிவிட்டது, மேய்க்க இடமில்லாமல் பாதி ஆட்டை விற்றுவிட்டேன் என்றார். அவருக்குக் குத்தகையில் ஒரு பைசா கிடையாது. திட்டம் போடும்போதே அவரையும் ஒரு கணக்காக எழுதியிருக்க வேண்டாமா?

ஷராவதிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1964-இல் கட்டி முடித்த லிங்கனமக்கி அணைக்காக எழுந்து போன குடும்பங்களின் பட்டாப் பிரச்சினை இன்னும் ஓயவில்லை. அந்தக் கரண்டில்தான் இந்த ஊர் வளர்ந்தது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். காடம்பாறையில் சுரங்கம் குடைந்தபோது வெட்டியெடுத்த பாறையையும் மண்ணையும் எங்கே கொட்டினார்கள்? மழையில் ஓடையில் இறங்கியதா? அந்தச் சரிவில் மரம் திரும்ப வந்ததா? நினைவிருப்பதை எழுது. இங்கே ஆட்சேபணை மனு எழுதும் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ராஜு