டேலியாவுக்குக் குழி வேண்டாம், மேடு கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில் வந்த டேலியா வளர்ப்புக் குறிப்பு, களிமண்ணாக இருந்தால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, ஒரு கூடை மணல் கலந்து கிழங்கை நடலாம் என்கிறது. கோவை, திருப்பூர், மதுரை, விருதுநகர் பக்கத்துக் கரிசலில் அப்படி நட்டால் கிழங்கு அழுகத்தான் செய்யும். மே மாதம் ஊட்டி, கொடைக்கானல் மலர்க் கண்காட்சிகளைப் பார்த்துவிட்டு ஆசையோடு கிழங்கு வாங்கி வருபவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

டேலியாவின் தாயகம் மெக்சிகோவின் மலைச்சரிவுகள். 1963இல் அந்த நாடு இதைத் தன் தேசிய மலராகவே அறிவித்தது. அங்கே மழை நிறையப் பெய்யும். ஆனால் சரிவில் தண்ணீர் நிற்காது. ஊட்டியின் செம்மண்ணும் நீரை இறக்கிவிடும் மண்தான். கரிசல் அப்படியல்ல. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். உப்பிய மண்ணில் காற்றுக்கு இடமில்லை. சத்தில்லாமல் கிழங்கு சாவதில்லை, மூச்சுமுட்டித்தான் சாகிறது.

குழியின் கோளாறு இங்கேதான். சுற்றிலும் கெட்டிக் களிமண் இருக்க, நடுவில் ஒரு குழியை மட்டும் பொலபொலப்பான கலவையால் நிரப்பினால் அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். அக்கம்பக்கத்து மழைநீரெல்லாம் அதில் இறங்கும். அடியில் வெளியேற வழி கிடையாது. மணலும் உதவாது. களித்துகள் மிக நுண்ணியது. மணலின் இடுக்குகளை நிரப்பிக்கொண்டு, காய்ந்ததும் செங்கல்லாக இறுகும். மணலால் மண்ணின் குணம் மாற வேண்டுமானால் மொத்தக் கலவையில் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். எந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகும்?

முதலில் மண்ணைப் பாருங்கள். ஈர மண்ணைப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நாடாபோல நசுக்கித் தள்ளுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் அறுபடாமல் நீண்டால் அது கெட்டிக் களி. ஒரு அடி ஆழத்தில் சிறு குழி எடுத்து நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலம்கூட இறங்காவிட்டால் அந்த இடத்தில் தரைமட்டத்தில் கிழங்கு வைக்கவே கூடாது. காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். இது பின்னால் உரம் போடும்போது உதவும்.

மேட்டுப்பாத்திதான் வழி. மூன்றடி அகலம், ஒரு அடி உயரம், நீளம் இடத்துக்குத் தக்கபடி. மேடு கட்டுமுன் அடித்தரையை அரை அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் நெகிழ்த்துவது கட்டாயம். இல்லாவிட்டால் வேர் அந்தத் தளத்தில் முட்டித் திரும்பும். கொத்துவதற்கு மண் பதமாக இருக்க வேண்டும்: உருண்டை பிடித்து விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஈரக் கரிசலில் மண்வெட்டி போட்டால் வரும் கட்டிகள் காய்ந்து கல்லாகிவிடும்.

கலவைக்கு அந்த இடத்துக் களிமண் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரமோ இலைமக்கோ ஒரு பங்கு போதும். மட்காத சாணம் வேண்டாம். தென்னை நார்க்கழிவும் வேண்டாம், செடித்தொட்டிக்கு நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே நீரைப் பிடித்து வைக்கும் களியோடு சேர்ந்தால் கெடுதல். பத்தடி நீளப் பாத்திக்கு வேப்பம் புண்ணாக்கு அரை கிலோ, சூப்பர் பாஸ்பேட் 100 கிராம் சேர்க்கலாம். பலரும் எலும்புத்தூளைப் பரிந்துரைக்கிறார்கள். சுண்ணாம்பு மண்ணில் அது கரையாமல் கிடக்கும். அடுப்புச் சாம்பல் மண்ணின் காரத்தன்மையை இன்னும் கூட்டும். யூரியாவைத் தொடாதீர்கள். இலை செழிக்கும், பூ குறையும், எடுத்து வைக்கும் கிழங்கும் சீக்கிரம் அழுகும்.

அடுத்தது பருவம். சமவெளியில் டேலியா பூக்க மார்கழி, தை மாதக் குளிர் இரவுகள் வேண்டும். அதற்காகப் புரட்டாசியில் நட்டால் ஐப்பசி அடைமழை முளைவிடாத கிழங்கின் தலையில் விழும். ஆகவே கிழங்கைப் புரட்டாசியில் ஆறங்குலத் தொட்டியில், மழை படாத தாழ்வாரத்தில் முளைக்க வையுங்கள். தொட்டிக்கு மட்டும் செம்மண், மணல், மட்கு மூன்றும் சம அளவு. முளை கிளம்பும் கண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது முக்கியம். அது கிழங்கின் உடலில் இருக்காது. பழைய தண்டோடு சேரும் கழுத்தின் மேல் முனையில் சிறு முகப்பரு போலப் புடைத்திருக்கும். எவ்வளவு கொழுத்த கிழங்கானாலும் கண் இல்லையென்றால் முளைக்காது. கிழங்கைப் படுக்கவைத்து, கண் மேலே பார்க்க, இரண்டங்குலம் மூடினால் போதும். முளை வெளியே தெரியும்வரை தண்ணீரைக் கட்டுப்படுத்துங்கள். முதல்நாள் தெளித்த ஈரமே போதும்.

கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்ததும் வேர்ப்பந்து கலையாமல் மேட்டுக்கு மாற்றுங்கள். பெரிய பூ ரகங்களுக்கு இரண்டடி இடைவெளி, குட்டை ரகங்களுக்கு ஒன்றரை அடி. முட்டுக்குச்சியை முதலில் ஊன்றிவிட்டுச் செடியை வையுங்கள். பிறகு ஊன்றினால் குச்சி கிழங்கைக் குத்திவிடும். நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். பெரிய பூ வேண்டுமென்றால் நுனியில் வரும் மூன்று மொட்டுகளில் நடுமொட்டை விட்டு மற்ற இரண்டையும் கிள்ளிவிடலாம்.

நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் அது தாகமல்ல, வேர் மூச்சுமுட்டுகிறது. அப்போது தண்ணீர் ஊற்றினால் செடி போய்விடும். விரலை இரண்டங்குலம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அதற்காக வெடிக்கும் அளவுக்கும் காயவிடக் கூடாது. வெடிப்பு நுண்வேர்களை அறுத்துவிடும். தண்டைத் தொடாமல் காய்ந்த இலைச் சருகை இரண்டங்குலம் பரப்பினால் ஈரம் சீராக நிற்கும். இளம் இலை மட்டும் வெளுத்து, நரம்பு பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணில் வழக்கமாக வருவது. ஒரு லிட்டர் நீருக்கு ஃபெரஸ் சல்பேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து மாலையில் தெளியுங்கள்.

பூ ஓய்ந்ததும் தண்டை அரை அடி விட்டு வெட்டி, மண்ணைச் சற்று உலரவிட்டுக் கிழங்கை எடுக்கலாம். களிமண் கிழங்கை இறுகப் பிடித்திருக்கும். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து முறியும். கண்ணும் அதோடு போகும். ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் கடப்பாரையால் நெம்பி, மண்ணோடு சேர்த்துத் தூக்கி, ஒட்டிய களியைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்த மணலில் புதைத்து, வெயில் படாத மூலையில் மண்பானையில் வைத்தால் அடுத்த புரட்டாசிவரை தாங்கும். மே மாதம் மலையிலிருந்து வாங்கி வரும் கிழங்கையும் உடனே நடாமல் இப்படியே வைத்திருக்கலாம்.

குழி, மணல் பற்றிய அந்தக் குறிப்பைப் புரட்டாசிக்கு முன் அதே பக்கத்தில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை