பாலைக் கீழே கொட்டினால் மட்டும் போதாது

உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கலப்படப் பாலைப் பிடித்துத் தரையில் கொட்டும் படங்கள் அவ்வப்போது செய்தியில் வருகின்றன. அந்தப் பாலில் என்ன இருந்தது, எந்த இடத்தில் கலந்தார்கள், வழக்கு என்ன ஆனது? இதெல்லாம் வெளியே வருவதேயில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

2008இல் சீனாவில் நடந்ததை மறந்துவிட முடியாது. பாலில் தண்ணீர் கலந்தால் புரதம் குறைவாகக் காட்டும். அப்போது வழக்கத்தில் இருந்த பரிசோதனையோ நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிட்டது. பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற ரசாயனத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஆக, அதைக் கொஞ்சம் சேர்த்ததும் தண்ணீர்ப் பால் பரிசோதனையில் தேறிவிட்டது. அப்படி வந்த பால்மாவைக் குடித்து ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குச் சிறுநீரகத்தில் கல்; 6 குழந்தைகள் இறந்தார்கள். இதில் என் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. முதலில் சிக்கிய சான்லூ நிறுவனத்துக்கு, அதன் பொருள்களைப் பரிசோதிக்கத் தேவையில்லை என்று அரசே விலக்கு அளித்திருந்தது. அந்த விலக்கு முறை ரத்தானது இத்தனைக்கும் பிறகுதான்.

அதனால் பெரிய பெயர் என்று பார்த்து யாரையும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, லாக்டோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது காட்டுவது அடர்த்தியை. தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி குறையும், கொழுப்பை எடுத்தாலோ சர்க்கரை போட்டாலோ கூடும். இரண்டையும் அளவாகச் செய்யத் தெரிந்தவர் அதில் சிக்கமாட்டார். டிடர்ஜென்ட், யூரியா, பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து பாலுக்கு வரும் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு, இவற்றுக்கெல்லாம் முறையான சோதனை வேண்டும். அஃப்ளாடாக்சின் பாலைக் காய்ச்சினாலும் போகாது. வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

மாதிரியை எங்கே எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மூடிய பாக்கெட்டை வாங்கி விற்கும் கடைக்காரரைப் பிடிப்பது சுலபம். ஆனால் பல பேருடைய பால் ஒரே டேங்கரில் சேர்ந்துவிட்டால் அப்புறம் யார் கலந்தது என்று தெரியாது. கொள்முதல் நிலையத்திலும் குளிரூட்டும் நிலையத்திலும், டேங்கரில் ஏற்றும் முன்பே எடுங்கள்.

தரம் குறைந்த பாலையும் விஷம் கலந்த பாலையும் ஒரே கண்ணால் பார்க்கவும் வேண்டாம். தீவனம், மாட்டின் இனம், பருவம் இவற்றாலும் கொழுப்பு குறையும். அப்படிக் குறைந்ததற்காக இரண்டு மாடு வைத்திருப்பவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, தெரிந்தே ரசாயனம் சேர்த்தவர் அபராதத்தோடு போய்விடுவது எந்த விதத்திலும் சரியில்லை.

கடைசியாக, முடிவுகளை வெளியிடுங்கள். பால் இரண்டொரு நாளில் குடித்துத் தீர்ந்துவிடும் பொருள். அறிக்கை வாரக்கணக்கில் தாமதமானால் யாருக்குப் பயன்? நிறுவனத்தின் பெயர், தொகுப்பு எண், மாதிரி எடுத்த தேதி, கிடைத்த அளவு எல்லாமே அதில் இருக்கட்டும். தேறியவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள், நேர்மையாக விற்பவருக்கு அது நியாயம். வழக்கு முடிந்ததும் தீர்ப்பையும் அதே பட்டியலில் சேருங்கள்.

இப்படிக்கு,
தினமும் பால் வாங்கும் ஒருவர்