சீர்வரிசையில் பம்பாய்

அன்புள்ள தாடி,

ஆறு மாதமாகக் கடிதம் போடவில்லை. திட்டுவதை இந்த வரியோடு முடித்துக்கொள். இங்கிலாந்தில், போர்ட்ஸ்மவுத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். முழங்கால் பழையபடிதான். மருமகன் தங்கமான மனிதர், ஆனால் டீ போடத் தெரியாது. கோப்பையில் பையை முக்கி எடுத்து, மேலே பச்சைப் பாலை ஊற்றி நீட்டுகிறார். சோடாபுட்டி பார்த்தால் அழுதேவிடுவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு கடலோரம் ஒரு பழைய தேவாலயத்துக்குப் போனோம். 1941 குண்டுவீச்சில் போன கூரை போனதுதான், பெரும்பகுதி இன்னும் வானம் பார்த்து நிற்கிறது. அதை ஒட்டியிருந்த ஆளுநர் மாளிகையில்தான் 1662 மே மாதம் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்கும் போர்ச்சுகல் இளவரசி கேத்தரினுக்கும் கல்யாணம். கப்பலைவிட்டு இறங்கியதும் அந்தப் பெண் டீ கேட்டாளாம். டீ இல்லை, பீர்தான் கொடுத்தார்களாம். இங்கே சொல்லும் கதை.

சீதனம் என்ன தெரியுமா? வட ஆப்பிரிக்காவில் டாஞ்சியர் துறைமுகமும் நம் பம்பாயும்! பேசிய ரொக்கம் முழுசாகத் தேறாமல் சர்க்கரையையும் சரக்கையும் ஏற்றி அனுப்பினார்கள். உன் கல்யாணத்தில் ஸ்கூட்டர் வராமல் உன் அப்பா முகத்தைத் தூக்கிவைத்திருந்தது ஞாபகம் வந்தது. கோபிக்காதே. சார்லஸ் என்ன செய்தார்? 1668-ல் அந்தப் பம்பாயை வருஷத்துக்குப் பத்துப் பவுண்டு வாடகை என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டார்.

டீயை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததே கேத்தரின்தான் என்கிறார் மருமகன். அங்கேதான் எங்களுக்குள் சண்டை. சாமுவேல் பெப்பிஸ் என்ற லண்டன்காரர் 1660-லேயே ஒரு கோப்பை குடித்துவிட்டு நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். லண்டன் காப்பிக் கடைகளிலும் விற்றார்கள், ஆனால் மருந்து மாதிரி, அதுவும் ஆண்கள் கூடும் இடத்தில். இவள் அதை அரண்மனைப் பெண்களின் அறைக்குள் கொண்டுபோனாள். ராணி குடிப்பதைப் பார்த்துச் சீமாட்டிகள் குடித்தார்கள். ஊர் சனத்துக்கு அது எங்கே கட்டுப்படியாகும்? கடத்தல் டீதான் பலருக்குக் கதி. 1784-ல் வரியை 119 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரைக்கு இறக்கிய பிறகுதான் நேர்வழியில் வந்த டீ மலிந்தது. நம் கணக்கு வாத்தியார் பாணியில் ராணிக்குப் பாதி மார்க், வரிக்குப் பாதி மார்க் போட்டேன். மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் தாடி, கல்யாணத்தின்போது கேத்தரினுக்கு இருபத்துமூன்று வயது. ஆங்கிலம் வராது. வந்த கொஞ்ச நாளிலேயே தன் ஆசைநாயகியை அந்தப்புரப் பணிப்பெண்ணாக ஏற்றுக்கொள் என்று புருஷன் நிற்கிறான். பிள்ளையும் தங்கவில்லை. புருஷன் செத்து ஏழு வருஷம் கழித்து, 1692-ல்தான் ஊருக்குக் கிளம்பினாள். முப்பது வருஷம்டா!

இது ஏன் என்னைப் போட்டு அரிக்கிறது என்றால், நான் வந்த அன்று மகள் இஞ்சி தட்டிப்போட்டு டீ கொதிக்கவைத்தாள். எனக்கும் அவளுக்கும் இரண்டே டம்ளர். மருமகன் இங்கேயே பிறந்தவர், அவருக்குப் பிடிக்காதாம். “எப்பவும் நான் மட்டும் போட்டுக் குடிப்பேன்ப்பா” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கமில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நேற்று மருமகன் அடுப்படிக்கு வந்து, எவ்வளவு இஞ்சி போடணும் என்று கேட்டார். முதலில் பெப்பிஸை ஒத்துக்கொள்ளுங்கள், அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

உன்
நெட்டை