தனிக்குடித்தனம் போன மூன்று சர்வர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல கணினிகளில் பரவி இயங்கும் கசாண்ட்ரா தரவுத்தளத்தை லினக்ஸ் சர்வரில் நிறுவுவது எப்படி என்று உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதையெல்லாம் தமிழில் எழுத ஆள் இருக்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். கடைசிப் பத்தியில்தான் இடறியது. ஒரு சர்வரில் ஆப்ட் என்ற கருவி மூலம் நிறுவிவிட்டு, அதையே மற்ற இரண்டிலும் செய்தால் கிளஸ்டர் (மூன்றும் ஒரே தரவுத்தளமாக இயங்கும் கூட்டு) தயார் என்று முடித்திருக்கிறீர்கள். தயார் ஆகாது. 11 வருடமாக சர்வர் பார்த்துக்கொள்வதே என் வேலை. இதே மாதிரி ஒரு வரியை நம்பி ஒரு ராத்திரி முழுக்க விழித்தவள் என்பதால் எழுதுகிறேன்.

ஆப்ட், டிஎன்எஃப் போன்ற பேக்கேஜ் மேனேஜர்கள், அதாவது நிரல்களைத் தொகுப்பாக இறக்கி நிறுவும் கருவிகள், அவற்றுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கணினி. கோப்புகளை அதனதன் இடத்தில் வைக்கும், சேவைக்கென்று (பின்னணியில் ஓடும் நிரல்) ஒரு பயனர் கணக்கை உருவாக்கும், தேவையான மற்ற பேக்கேஜ்களை இழுத்து வரும். அந்த வேலையில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் பக்கத்தில் இன்னும் இரண்டு சர்வர் இருப்பதும், அவற்றோடு இது சேர்ந்து வாழ வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. தெரியாமல் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. டெபியன் குடும்பத்து லினக்ஸில் ஒரு சேவையை நிறுவினால், நிறுவிய கையோடு அதைக் கிளப்பியும் விடுவார்கள். வலைத்தள சர்வர் மாதிரி ஒண்டியாக ஓடும் நிரலுக்கு அது வசதிதான். பல கணினிகள் சேர்ந்து இயங்கும் தரவுத்தளத்துக்கு அதுவே வினை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று புது சர்வர்கள், மூன்று டெர்மினல் சன்னல்கள். மூன்றிலும் ஒரே கட்டளை. பச்சை எழுத்து ஓடி முடிந்தது. அப்புறம்தான் யாமல் கோப்பைத் (கசாண்ட்ராவின் அமைப்புகள் இருக்கும் கோப்பு) திறந்து கிளஸ்டருக்கு ஒரு நல்ல பெயர் வைத்தேன், சீட் பட்டியலில், அதாவது சேர வரும் சர்வர் முதலில் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்ற பட்டியலில், முதல் சர்வரின் முகவரியைப் போட்டேன், மற்ற சர்வர்கள் இதை அணுகும் முகவரியான லிசன் அட்ரஸை லோக்கல்ஹோஸ்டிலிருந்து (தன் கணினிக்குள் மட்டும் செல்லும் முகவரி) மாற்றினேன். ரீஸ்டார்ட். சேவைகளைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் நிலையைக் கேட்டால் 'ஆக்டிவ்' என்று பச்சையில் வந்தது. சரி, வேலை முடிந்தது என்று எழப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று, கிளஸ்டரில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் கசாண்ட்ராவின் நோட்டூல் ஸ்டேட்டஸ் கட்டளையை அடித்தேன். இணைப்பு மறுக்கப்பட்டது என்றது.

அந்தப் பச்சை எழுத்தை நான் முழுதாகப் படிக்கவில்லை. 'ஆக்டிவ்' என்ற சொல்லுக்கு அடுத்து, அடைப்புக்குள் 'எக்ஸிட்டட்' (முடிந்து வெளியேறியது) என்று இருந்தது. அந்தப் பேக்கேஜில் இருந்தது, சேவையைக் கிளப்பிவிடும் பழைய பாணி இனிட் ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட் தன் வேலையை முடித்துவிட்டுப் போனதைத்தான், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அப்படிச் சொல்லியிருக்கிறது. உள்ளே தரவுத்தளம் எழுந்த வேகத்தில் செத்துப் போயிருந்தது. /வார்/லாக்/கசாண்ட்ரா அடைவில் சிஸ்டம் லாகைத் திறந்தால் காரணம் ஒரே வரியில் இருந்தது: சேமித்து வைத்திருக்கும் பெயர் 'டெஸ்ட் கிளஸ்டர்', நீ கொடுத்திருக்கும் பெயர் வேறு, இரண்டும் பொருந்தவில்லை.

நான் பெயர் வைப்பதற்கு முன்பே அவை பெயர் வைத்துக்கொண்டு விட்டன. எப்படி என்றால், பேக்கேஜோடு வரும் யாமல் கோப்பில் கிளஸ்டர் பெயர் 'டெஸ்ட் கிளஸ்டர்', சீட் முகவரி 127.0.0.1, அதாவது தன்னையே கை காட்டுவது. ஆப்ட் கிளப்பிவிட்ட நொடியில் ஒவ்வொரு சர்வரும் சுற்றிப் பார்த்திருக்கிறது, தன்னைத் தவிர யாரும் இல்லை, தானே ஒரு கிளஸ்டர் என்று வட்டில் எழுதி வைத்துக்கொண்டது. கூட்டுக் குடும்பம் நடத்த அழைத்து வந்த மூன்று பேரும், நான் வீட்டைத் திறப்பதற்குள் ஆளுக்கொரு தனிக்குடித்தனம் போட்டுவிட்டார்கள்.

பெயரை மாற்றாமல் 'டெஸ்ட் கிளஸ்டர்' என்றே விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். இந்தப் பிழை வராதுதான். ஆனால் பிழை வராமல் போவதுதான் எனக்குப் பயம். ஏற்கெனவே தரவோடு ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் நான்காவதாக ஒரு சர்வரைச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். புது ஆள் முறையாக உள்ளே வந்தால், தன் பங்குத் தரவை மற்றவர்களிடமிருந்து வாங்கி முடித்த பிறகே சேரும். ஆப்ட் புண்ணியத்தில் ஒருமுறை தனியாக எழுந்துவிட்ட சர்வரோ, 'நான்தான் அப்போதே சேர்ந்துவிட்டேனே' என்று நினைத்து அந்தப் படியைத் தாண்டிவிடும். வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து, தன் பங்குக்கு வரும் கேள்விகளுக்குப் பதிலும் சொல்லத் தொடங்கும். ஒரே ஒரு நோடு (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்) பதில் சொன்னால் போதும் என்று நிரலில் எழுதி வைத்திருப்பவர்களுக்கு, இருக்கும் பதிவு இல்லாத மாதிரி தெரியும். அதைக் கண்டுபிடிக்கவே நாள் கணக்கில் ஆகும்.

என் கதைக்கு வருகிறேன். அவை மூன்றும் புது சர்வர்கள், உள்ளே ஒரு வரி தரவு கிடையாது. அதனால் சேவையை நிறுத்திவிட்டு, /வார்/லிப்/கசாண்ட்ராவுக்குள் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகக் கிளப்பினால் போதும். அந்த அழிக்கும் கட்டளையை நகலெடுத்து வைத்துக்கொண்டு சன்னல் சன்னலாக ஒட்டிக்கொண்டு போனேன். முதல் சன்னல், இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் என்டர் தட்டக் கை போனபோது இடது ஓரத்தில் சர்வர் பெயரைப் பார்த்தேன். அது மதியம் வேறு காரியத்துக்காகத் திறந்து வைத்திருந்த சன்னல், வாடிக்கையாளர் பதிவுகள் இருக்கும் பழைய சர்வர். அந்த நிமிடம் உள்ளங்கை வியர்த்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இந்தப் பிழையைத் தேடினால் எல்லா இடத்திலும் 'அந்த அடைவை அழித்துவிடு' என்றுதான் பதில் கிடைக்கும். தரவு இருக்கும் சர்வரில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்பவர்கள் குறைவு.

இதைத் தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. நிறுவும் முன் /யூஎஸ்ஆர்/எஸ்பின் அடைவில் பாலிசி-ஆர்சி.டி என்ற பெயரில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் வைத்து, அது 101 என்ற எண்ணைத் திருப்பித் தரும்படி எழுதினால், எந்தச் சேவையையும் கிளப்பக்கூடாது என்று பொருள். இரண்டே வரி. அதற்கு இயங்கும் அனுமதி கொடுக்க மறந்தால் இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்புறம் யாமல் கோப்பைத் திருத்தி முடித்ததும் இந்த ஸ்கிரிப்டை நீக்க வேண்டும். நான் ஒருமுறை மறந்துபோய், மறுநாள் நிறுவிய வேறொரு சேவை ஏன் எழவில்லை என்று அரை நாள் தேடியிருக்கிறேன். டிஎன்எஃப் பயன்படுத்தும் ரெட் ஹாட் குடும்பத்து லினக்ஸில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே நிறுவினால் நிறுவியதோடு சரி, கிளப்புவது நம் பொறுப்பு. இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

கட்டுரையில் இன்னும் சில. ரெப்பாசிட்டரியின் (பேக்கேஜ்கள் இறங்கி வரும் இணையக் கிடங்கு) சாவியை, அதாவது பேக்கேஜ் அசல்தானா என்று சரிபார்க்க உதவும் கோப்பை, ஆப்ட்-கீ கட்டளையால் சேர்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதைக் கைவிடச் சொல்லிப் பல வருடம் ஆகிறது. அப்படிச் சேர்த்த சாவியை எல்லா ரெப்பாசிட்டரிகளுக்கும் சேர்த்து நம்பிவிடும். சாவியைத் தனிக் கோப்பாக வைத்து, ரெப்பாசிட்டரி வரியிலேயே 'சைண்ட்-பை' என்று அந்தக் கோப்பைக் காட்டுவதுதான் முறை. அந்த வரியில் வரும் '50எக்ஸ்' என்பது என்ன என்றும் சொல்லவில்லை. அது 5.0 வரிசை. அதற்கு ஜாவா 11 அல்லது 17 வேண்டும். சில புதிய லினக்ஸ் வெளியீடுகளில் இயல்பாக வரும் ஜாவா 21-ஐ வைத்துக்கொண்டு முயன்றால் தலைவலிதான்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் பெரிய குறை. வந்தபடியே விட்டால் கசாண்ட்ரா யாரையும் எதுவும் கேட்காமல் உள்ளே விடும். லோக்கல்ஹோஸ்டை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வரை ஆபத்தில்லை. ஆனால் கிளஸ்டர் அமைக்க வேண்டும் என்றால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். 7000-ஆம் போர்ட் (இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, 9042 நிரல்கள் வந்து கேட்க. இரண்டையும் ஃபயர்வாலில் தெரிந்த முகவரிகளுக்கு மட்டும் திறக்க வேண்டும். 2017 ஜனவரியில் பூட்டில்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மோங்கோடிபி தரவுத்தளங்களை ஆயிரக்கணக்கில் துடைத்துவிட்டுப் பணம் கேட்டு எழுதி வைத்துப் போனார்களே, அது மறந்துவிட்டதா? கடவுச்சொல் வசதியைப் போட்டாலும், முதலில் இருக்கும் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே 'கசாண்ட்ரா'தான். மாற்றாமல் விட்டால் பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் மேம்படுத்துவதைப் பற்றி எழுதுவதாக இருந்தால், மூன்று சர்வரிலும் ஒரே நேரத்தில் ஆப்ட் அப்கிரேட் ஓட்டச் சொல்லிவிடாதீர்கள். சேவை நின்றுதான் மறுபடி எழும், மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடும். ஒன்றை முடித்து, அது எழுந்த பிறகு அடுத்தது. நான் ஆப்ட்-மார்க் ஹோல்ட் கட்டளையைப் போட்டு, கசாண்ட்ரா தானாக மேம்படாதபடி பிடித்து வைத்து, நேரம் வரும்போது மட்டும் விடுவிப்பேன்.

முடிந்தால் அந்தப் பகுதியில் நோட்டூல் ஸ்டேட்டஸ் திரையை ஒரு படமாகப் போடுங்கள். மூன்று முகவரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றின் முன்னாலும் 'யுஎன்' (எழுந்து இயல்பாக இயங்குகிறது) என்ற இரண்டு எழுத்தோடு. அன்றைக்கு எனக்கு அது விடிகாலை 4 மணிக்கு வந்தது.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகத்தில் இருக்கும் தங்கள் வாசகி