புட்டிகளை வீசும் முன் லேபிளைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை ராஜநாகத்துக்குத் தனி அறிவியல் பெயர் வந்திருப்பது பற்றி உங்கள் நாளிதழில் வெளியான செய்திக்கு வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். நேற்றுவரை ஒரு பெயர், இன்று வேறு பெயர், விஞ்ஞானிகள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே போனால் பிள்ளைகள் எதைத்தான் படிப்பது என்று கேட்டிருந்தார். அதே வாரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் அருங்காட்சியகத்தைக் காலி செய்து ஸ்மார்ட் வகுப்பறை ஆக்கியதைப் பாராட்டியும் செய்தி வந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு பலர் கண்ணில் பட்டிருக்காது. நான் கல்லூரி விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விலங்குடல்கள் கெடாமல் இருக்கப் புட்டிகளில் ஊற்றும் ஃபார்மலினை மாற்றுவதும், மூடிக்கு மெழுகு வைப்பதும், மங்கிய லேபிளுக்குப் பக்கத்தில் புது லேபிள் எழுதி ஒட்டுவதும்தான் என் வேலை. அதனால் இது எனக்கு நெருக்கமான விஷயம்.

முதலில் ராஜநாகம். அதன் பெயரை யாரும் இஷ்டத்துக்கு மாற்றவில்லை. 1836-இல் தியோடர் கேன்டர் என்ற மருத்துவர் அதற்கு ஹமாட்ரையாஸ் ஹன்னா என்று பெயர் வைத்தார். இதில் முதல் சொல் பேரினத்தின், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியின் பெயர்; இரண்டாவது சொல் இனத்தின் பெயர். ஆனால் ஹமாட்ரையாஸ் என்ற பெயரை 1806-லேயே ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்துக்கு வைத்துவிட்டார்கள். விலங்குலகில் ஒரு பேரினப் பெயர் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. அதனால் பாம்புக்கு வந்த ஹமாட்ரையாஸ் செல்லாமல் போனது. 1864-இல் குந்தர் கொடுத்த ஓபியோஃபேகஸ் அந்த இடத்துக்கு வந்தது. ஹன்னா மட்டும் அப்படியே நின்றது.

இதற்கிடையில் 1837-இல் ஷ்லெகெல் என்பவர் இதே வகைப் பாம்புக்குப் பங்காரஸ் என்று ஒரு பெயர் வைத்திருந்தார். இரண்டும் ஒரே இனம் என்று முடிவானபோது மூத்த பெயரான ஹன்னா செல்லுபடியாகி, பங்காரஸ் ஒதுங்கியது. ஒதுங்கியதே தவிர அழிந்துவிடவில்லை. 2024-இல் கௌரி சங்கர், இந்திரனீல் தாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ராஜநாகம் என்று நாம் சொல்வது நான்கு இனங்கள் என்று வெளியிட்டார்கள். அப்போது ஜாவா, போர்னியோ பக்கத்துப் பாம்புக்குப் புதுப்பெயர் தேவைப்படவில்லை. ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஏட்டில் கிடந்த பங்காரஸ் எழுந்து வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாம்புக்கும் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுப் பாம்புக்கும் பழைய பெயர் எதுவும் இல்லை என்பதால்தான் காளிங்கா, சால்வடானா என்ற இரண்டு புதிய பெயர்கள். காளிங்கா கர்நாடகத்தில் அந்தப் பாம்பைக் குறிக்க மக்களே சொல்லும் பெயர். ஹன்னா வட இந்தியாவிலும் அதற்குக் கிழக்கேயும் உள்ள பாம்புக்குத் தொடர்கிறது. இதில் எந்த இடத்திலும் ஒருவருடைய விருப்பம் விதியைத் தாண்டவில்லை.

அந்த விதிகளுக்கு ஒரு புத்தகமே உண்டு. சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணையம் என்று ஒன்று 1895-லிருந்து இயங்குகிறது. அதன் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்புதான் 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூத்த பெயருக்கே முதலுரிமை என்றால், எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் எழுதிய சிஸ்டமா நேச்சுரே நூலின் பத்தாம் பதிப்பு 1758 ஜனவரி 1 அன்று வெளியானதாக வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணுகிறார்கள். அதற்கு முன் வைத்த பெயர்கள் செல்லாது. ஒரே ஒரு விலக்கு, கிளெர்க் என்பவர் எழுதிய சிலந்திகள் பற்றிய நூல். அது அச்சானது 1757-இல். அதன் பெயர்களை இழக்க மனமில்லாமல் அதுவும் 1758 ஜனவரி 1 அன்று வந்ததாகவே விதியில் எழுதி வைத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

சரி, மூத்த பெயர் எது என்று தேதி பார்த்துச் சொல்லிவிடலாம். அந்தப் பெயர் எந்த விலங்குக்கு உரியது என்பதை எதை வைத்துச் சொல்வது? பெயர் வைத்தவர் எழுதிய விளக்கம் இரண்டு வரிதான் இருக்கும், அந்த இரண்டு வரிக்கு மூன்று இனங்கள் பொருந்தும். அங்கேதான் டைப் ஸ்பெசிமன் வருகிறது. ஒரு பெயரை வைக்கும்போது அதற்கு ஆதாரமாகக் காட்டிப் பாதுகாத்து வைக்கிற உடல் அது. நிலத் தகராறில் சர்வே கல் எப்படியோ, பெயர்த் தகராறில் டைப் ஸ்பெசிமன் அப்படி. இனத்தின் எல்லை விரியலாம், சுருங்கலாம், இரண்டாகப் பிரியலாம். அந்த ஒற்றை உடல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கே பெயர்.

இதற்கு நம் யானையின் கதையை விட நல்ல உதாரணம் கிடையாது. 1758-இல் எலிஃபஸ் மாக்சிமஸ் என்று லின்னேயஸ் பெயர் வைத்தபோது ஆசிய யானையும் ஆப்பிரிக்க யானையும் வேறு வேறு என்று அவர் பிரிக்கவில்லை. அவர் சான்றாக எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று சாராயத்தில் போட்டு வைத்த ஒரு யானைக் கரு. ஆம்ஸ்டர்டாமில் ஆல்பர்ட்டஸ் செபா என்பவரின் சேகரிப்பில் இருந்து ஸ்வீடன் அரசரிடம் போனது அது. இன்றும் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுதான் நம் யானையின் பெயருக்கான சான்று என்று பலரும் எண்ணியிருந்தார்கள். பார்வைக்கு அது ஆப்பிரிக்க யானை போல இருக்கிறதே என்ற சந்தேகமும் சிலருக்கு இருந்தது. கடைசியில் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் அதிலிருந்து புரதத்தைப் பிரித்துச் சோதித்தார்கள். ஆப்பிரிக்க யானையேதான்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அந்தக் கரு மட்டுமே சான்று என்றால், எலிஃபஸ் மாக்சிமஸ் என்ற பெயர் விதிப்படி ஆப்பிரிக்க யானைக்குப் போய்விடும். 1797-இல் புளூமன்பாக் ஆப்பிரிக்க யானைக்கு வைத்த பெயர் விழுந்துவிடும். முதுமலையிலும் ஆனைமலையிலும் நிற்கும் யானைக்கு வேறு பெயர் தேட வேண்டிவரும். வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணை, தந்த வணிகத் தடை ஒப்பந்தம், வழக்குக் கட்டுகள் எல்லாவற்றிலும் குழப்பம்.

ஆய்வாளர்கள் லின்னேயஸின் நூலைத் திரும்பவும் புரட்டினார்கள். அவர் கருவை மட்டும் சுட்டவில்லை, ஜான் ரே என்ற ஆங்கில அறிஞரின் விவரிப்பையும் சுட்டியிருந்தார். ரே எழுதியிருந்தது இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரில் தாம் நேரில் பார்த்த ஒரு யானை எலும்புக்கூட்டைப் பற்றி. அதைத் தேடிப் போனால், அந்த எலும்புக்கூடு இன்னும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது! அது ஆசிய யானை. 2013-இல் அதையே எலிஃபஸ் மாக்சிமஸ் பெயருக்கான சான்றாக முறைப்படி அறிவித்தார்கள். யானை பெயரை இழக்கவில்லை.

அந்த எலும்புக்கூடு யாருடையது என்பதும் தெரிந்திருக்கிறது. ஹான்ஸ்கன் என்று அழைக்கப்பட்ட பெண் யானை. இலங்கையில் பிறந்து, குட்டியாக டச்சுக் கப்பலில் ஏறி, ஐரோப்பா முழுக்க ஊர் ஊராக வித்தை காட்ட வைக்கப்பட்டு, 1655-இல் ஃபுளோரன்ஸில் செத்துப்போனது. ஓவியர் ரெம்பிராண்ட் 1637-இல் அதைப் பார்த்து வரைந்திருக்கிறார். அது பட்ட பாட்டை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் அந்த எலும்பை யாரோ ஒருவர் எடுத்து வைத்தார், அடுத்து வந்தவர் தூசி தட்டினார், அதற்கடுத்து வந்தவர் இடம் அடைக்கிறது என்று தூக்கிப் போடாமல் இருந்தார். முந்நூற்றைம்பது ஆண்டுகள் இப்படிப் பெயர் தெரியாத பணியாளர்கள் செய்த வேலையால்தான் இன்று உலகத்தின் எல்லா ஆசிய யானைகளுக்கும் பெயர் நிலைத்திருக்கிறது. ஆய்வக உதவியாளராக இருந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்தால் கெடுதல் வரும் இடங்களும் உண்டு. குன்னூரில் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து நிற்கிறதே காட்டுமாடு, அதன் பெயர் போஸ் காரஸ், 1827-இல் வைத்தது. ஆனால் வடகிழக்கு மாநிலங்களில் வளர்க்கும் மிதுன் மாட்டுக்கு 1804-லேயே போஸ் ஃபிரான்டாலிஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மிதுன் காட்டுமாட்டிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே இனம் என்று எடுத்துக்கொண்டால், மூத்த பெயர் என்ற முறையில் காட்டு விலங்கும் வளர்ப்பு மாட்டின் பெயரால் அறியப்பட வேண்டும். அப்புறம் பாதுகாக்கப்பட்ட விலங்கு எது, தொழுவத்து மாடு எது என்று சட்டத்தில் எப்படிப் பிரிப்பது? இப்படிச் சிக்கிய பதினேழு விலங்குகளின் பெயர்களை எடுத்துக்கொண்டு ஆணையம் 2003-இல் ஒரு தீர்ப்பு வெளியிட்டது. வளர்ப்பு விலங்கின் பெயர் மூத்தது என்ற காரணத்தால் மட்டும் காட்டு விலங்கின் பெயர் செல்லாமல் போகாது என்றது. இப்படி விதியை ஒதுக்கி வைக்க ஆணையத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதற்கு முன் வழக்கை அச்சிட்டு வெளியிட்டு, உலகில் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று காத்திருப்பார்கள். ஆமையும் தவளையும் பற்றியெல்லாம் இப்படி ஆண்டுக்கணக்கில் பொறுமையாக வாதாடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய மதிப்பு.

ஒரு வேண்டுகோள் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நாளிதழ் இந்த விலங்கைக் காட்டெருமை என்றே எழுதுகிறது. காட்டு எருமை என்பது வேறு விலங்கு, அசாம் பக்கத்தில் இருப்பது, அதன் பெயர் புபாலஸ் ஆர்னி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மக்கள் சொல்லும் காட்டுமாடு என்ற பெயரே இருக்கட்டும். பக்கத்தில் அறிவியல் பெயரைத் தமிழ் எழுத்தில் போட்டால் இன்னும் நல்லது.

பிள்ளைகள் எதைப் படிப்பது என்று கேட்ட அந்த வாசகருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் இனம். முதல் சொல் மாறக்கூடும், ஏனென்றால் எது எதற்கு உறவு என்பது ஆய்வில் தெளிவாகத் தெளிவாக விலங்கை ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்து வைப்பார்கள். நம் மாநில விலங்கான வரையாடு 1838-இல் ஆகில்பி பெயர் வைத்தபோது கெமாஸ் ஹைலோக்ரியஸ். பிறகு ஹெமிட்ராகஸ் ஹைலோக்ரியஸ். 2005-இல் மரபணுவைப் பார்த்து, இமயமலைத் தார் ஆட்டைவிட இது செம்மறிக்கு நெருக்கம் என்று தெரிந்து நீல்கிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ் ஆனது. ஹைலோக்ரியஸ் என்ற இரண்டாம் சொல்லை யாரும் தொடவில்லை. பெயருக்குப் பின்னால் ஆகில்பி, 1838 என்பதை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அவர் வைத்த பேரினத்தில் இப்போது இது இல்லை என்பதற்கான அடையாளம் அந்த அடைப்புக்குறி. பாடப்புத்தகத்தில் அதை அச்சுப்பிழை என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள், எடுக்கக் கூடாது.

பெயர் பொருத்தமாக இல்லை என்பதும் மாற்றக் காரணம் ஆகாது. வட இந்திய ஆற்றங்கரைகளில் கூடு வைக்கும் ஒரு மைனாவின் பெயர் ஜிஞ்சினியானஸ், நம் செஞ்சியின் பெயர். செஞ்சிக்காரர்கள் அந்தப் பறவையைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. 1790-இல் வைத்தது, அப்படியே நிற்கிறது. நிற்கட்டும், அதுதான் சரி.

இனி அந்த ஸ்மார்ட் வகுப்பறைக்கு வருகிறேன். திரையில் பாடம் நடத்துவதை நான் குறை சொல்லவில்லை. தவளையை அறுக்காமல் பிள்ளைகள் படிக்க முடிகிறது, நல்லதுதான். ஆனால் அந்த அறையில் இருந்த புட்டிகள் என்ன ஆயின? நான் வேலை பார்த்த துறையிலேயே இடமில்லை என்று பழைய புட்டிகளை ஒரு கோடை விடுமுறையில் அள்ளிக் கொண்டுபோனார்கள். ஃபார்மலினைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கண்ணாடியை எடைக்குப் போட்டார்கள். அதில் மலையடிவாரத்தில் பிடித்த சிறு மண்பாம்புகள் இருந்தன. கேடயவால் பாம்புகள் என்று எழுதுவார்கள். இடத்தின் பெயர், ஆண்டு, பிடித்தவர் பெயர் மூன்றும் இந்தியன் இங்க்கில் எழுதிய லேபிளோடு இருந்தவை. இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குடும்பம் அது. அவற்றில் பல இனங்களுக்குப் பெயர் வைத்தவர் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த கர்னல் பெட்டோம். அவர் சேர்த்த உடல்களில் பெரும்பகுதி லண்டனில் இருக்கிறது. திருநெல்வேலிப் பாம்பை ஆராய நம் பிள்ளை லண்டனுக்கு விண்ணப்பம் போடுகிறாள். நம்மிடம் இருந்ததை நாம் சாக்கடையில் கொட்டுகிறோம்.

எல்லாப் புட்டியும் அரிய பொருள் என்று சொல்லவில்லை. பாடம் நடத்த வாங்கிய நாடாப்புழுவும் சுறாமீனும் ஆயிரம் கல்லூரிகளில் இருக்கும், போகட்டும். இடமும் தேதியும் எழுதிய லேபிள் உள்ளவற்றை மட்டுமாவது பிரித்து எடுங்கள். ராஜநாகத்தை நான்காகப் பிரித்தவர்கள் அருங்காட்சியகங்களில் கிடந்த பழைய உடல்களை எடுத்து, வெளிர் பட்டைகளை எண்ணி, மரபணு ஆய்வோடு சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய இனத்தைக் கண்டறிந்தால் அதன் சான்று உடலை ஒப்படைக்க வேண்டிய காப்பகங்களில் ஒன்று இந்த ஆய்வகம். கல்லூரி நிர்வாகங்கள் புட்டிகளைக் கழிக்கும் முன் அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், பெரிய செலவும் இல்லை. லேபிளைப் புட்டியிலிருந்து பிரிக்கக் கூடாது, உள்ளே மிதக்கும் சீட்டையும் எடுக்கக் கூடாது என்று அதில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். லேபிள் இல்லாத உடலால் யாருக்கும் பயனில்லை.

நீங்கள் பாராட்டிய அந்தக் கல்லூரியில் இருந்த புட்டிகளும் பூச்சிப் பெட்டிகளும் இப்போது எங்கே இருக்கின்றன என்று உங்கள் நிருபரை அனுப்பிக் கேட்டு வெளியிடுங்கள். ஏதாவது ஒரு கிடங்கில் கிடந்தால், லேபிள்களைப் படித்துப் பட்டியல் எடுத்துக் கொடுக்க நான் சம்பளம் இல்லாமல் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆய்வக உதவியாளர்,
அம்பாசமுத்திரம்.